போர்க்காலக் குடிமக்களும் திரைப்படச் சான்றும்

1983ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் மூண்ட வன்செயல், மறுநாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளையும் பற்றிக்கொண்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. கப்பல்கள் மக்களைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்றன. இறந்தோர் தொகையை அரசாங்கம் ஏறக்குறைய 400 என்றது. பிற மதிப்பீடுகள் 3000 வரை செல்லும். இத்துணைப் பெரிய அழிவுக்கு எஞ்சிய படச்சான்றுகளோ மிகச் சில. சான்று இல்லாத இடத்தைப் புனைவு நிரப்பலாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

புனைவும் விவரணமும் கலத்தல் புதியதன்று. 1966இல் பொன்டெகோர்வோ இயக்கிய ‘அல்ஜியர்ஸ் போர்’ அந்நகரத்து மக்களையே நடிகராகக் கொண்டது. விடுதலை இயக்கத் தலைவருள் ஒருவரான சாதி யாசெப், தம்மையே ஒத்த பாத்திரத்தில் தோன்றினார். காட்சிகள் செய்திப்படம் போலவே அமைந்தமையின், அதிற் செய்திப்படம் ஓரடியேனும் இல்லை என்னும் அறிவிப்பு அமெரிக்கப் பிரதியிற் சேர்க்கப்பட்டது. நடிப்பு நடிப்பென்றே அறிவிக்கப்பட்டமையால் அங்கு வஞ்சனைக்கு இடமில்லை.

நம் நாட்டுப் போரைப் பற்றிய படங்களும் இவ்வாறே வெவ்வேறு நெறியின. யூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ (2017), சிறுவயதிற் கண்ட 1983ஐத் தொட்டுச் செல்லும் விவரணப்படம். ‘தீபன்’ (2015) புனைகதை. எனினும் அதன் நாயகராக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி, இளமையில் இயக்கத்திலிருந்து பின் பிரான்சிற் புகலடைந்தவர். பிரசன்ன விதானகேயின் ‘இர மதியம’ (2003), முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட துயரத்தை வேறிரு கதைகளோடு ஒரே காலத்தனவாகப் பின்னுகின்றது. அவ்வாறு பின்னுதல் கலைஞனுக்கு உரியது; வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபரில் என்பதை மாணவனுக்கு உணர்த்துதல் ஆசிரியனுக்கு உரியது.

எனவே, புனைவு துன்பத்தின் இயல்பை உணர்த்தவல்லது; நாளையும் இடத்தையும் தொகையையும் நிறுவவல்லதன்று. இவ்வெல்லையை மறைக்கும் படம், மறுப்போர் கையில் ஒரு கருவியாகிவிடும். ஒரு காட்சி பொய்யென்று காட்டப்பட்டதும், மெய்யாக நிகழ்ந்தனவும் ஐயத்துக்கு உள்ளாகும். அதனால் இழப்படைவோர் துன்புற்ற மக்களே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்நாட்களை நேரிற் கண்டவர் இன்று முதுமை எய்தியுள்ளனர். எந்தத் தெரு, எந்த நாள், யார் காத்தனர், யார் திரும்பி வரவில்லை என்பவற்றை அவர்தம் வாய்மொழியாகவே பதிதல் வேண்டும். கதை எழுதுதற்குக் காலம் உண்டு; சாட்சி கேட்பதற்குரிய காலமோ குறுகி வருகின்றது.