தேற்றம் 14ஐப் பார்க்கவும்

போன கிழமை ஒரு இரவு வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தால், அக்காவின் மகன் குசினி மேசையில் மடிக்கணினியோடு குந்தியிருக்கிறான். கணிதத்தில் முதுமாணி செய்கிறான். ஆய்வேடு அடுத்த நாள் கொடுக்கவேணும்.

"மாமா, பேராசிரியர் இரண்டாம் அத்தியாயத்திலை ஒரு துணைத்தேற்றத்தைத் தூக்கச் சொல்லிப்போட்டார். தூக்கினாப் பிறகு இலக்கமெல்லாம் ஒண்டு குறைஞ்சுபோச்சு. ஒவ்வொண்டாத் தேடித் திருத்திறன்" என்றான்.

எட்டிப் பார்த்தேன். தேற்றங்களின் இலக்கம் தானாகத்தான் விழுகிறது. ஆனால் "தேற்றம் 2.7 இன் படி" என்று வருகிற இடமெல்லாம் அவன் கையால் தட்டியிருக்கிறான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்த இலக்கங்களின் கதை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, மூன்றாம் வருசத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டினதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டுவிட்டது. அரைகுறைப் படிப்புத்தான், இருந்தாலும் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

யூக்கிளிட் கி.மு. 300 அளவில் எழுதிய 'மூலகங்கள்' 13 புத்தகங்கள் கொண்டது. அதன் முதலாம் புத்தகத்தில் 48 எடுப்புகள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பைதகரசின் தேற்றம் அங்கே 47ஆவது, அதன் மறுதலை 48ஆவது. ஆனால் யூக்கிளிட் தன் நிறுவல்களுக்குள் "47ஆவதன் படி" என்று இலக்கம் சொல்லுகிறவர் இல்லை. முன்பு நிறுவிய விசயத்தைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார். இலக்கம் போட்டுக் காட்டுகிற பழக்கம் பின்னால் வந்த பதிப்பாசிரியர்களுடையது. 1482இல் வெனிஸில் ராட்டோல்ட் என்பவர் அந்த நூலை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். அச்சுப் புத்தகம் என்றால் எல்லாருடைய கையிலும் ஒரே பக்கம், ஒரே இலக்கம். வேறு ஊரில் இருக்கிறவனுக்குக் கடிதத்தில் "முதலாம் புத்தகம் 47" என்று எழுதினாலே போதும்.

1687இல் நியூற்றனின் 'பிரின்சிப்பியா' வந்தது. அதில் ஒரு எடுப்புக்கு இரண்டு இலக்கங்கள். எடுப்பு 1 என்பது தேற்றம் 1. அப்படியே எடுப்பு 4 தேற்றம் 4 வரை ஒன்றாகப் போகும். எடுப்பு 5க்கு வந்தால் அது பிரசினம் 1. பிறகு எடுப்பு 6 என்பது தேற்றம் 5. அதாவது எடுப்புகளுக்கு ஒரு எண்ணி தொடர்ந்து ஓடுகிறது. தேற்றத்துக்கும் பிரசினத்துக்கும் தனித்தனி எண்ணிகள் வேறாக ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையா, இல்லை ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வரிசையா? இந்தக் கேள்வியில் இன்றைக்கும் கணிதம் எழுதுகிறவர்கள் இரண்டு கட்சிதான்.

வைற்ஹெட்டும் ரசலும் 1910 முதல் 1913 வரை மூன்று பாகமாக வெளியிட்ட 'பிரின்சிப்பியா மத்தமற்றிக்கா' இன்னொரு வழி எடுத்தது. அதில் இலக்கங்கள் தசமம். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு வழிவிடுகிற எடுப்பின் இலக்கம் 54.43. அடுத்தது 54.44, அதற்குப் பிறகு 54.441, 54.442. தசமத்தில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் புதிதாக ஒன்றைச் செருகலாம், மற்றவை அசையத் தேவையில்லை.

எங்கள் இராமானுஜனையும் சொல்லவேணும். அவருடைய இரண்டாவது நோட்டுப் புத்தகம் 21 அத்தியாயங்களாக, இலக்கமிட்ட பதிவுகளாக ஒழுங்காக இருக்கிறது. நிறுவல்தான் அநேகமாக இல்லை. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பேர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களில் அந்த நோட்டுகளைப் பதிப்பித்தார். இலக்கம் இருந்தபடியால் எது நிறுவப்பட்டுவிட்டது, எது மிச்சம் என்று வரிசையாகக் கணக்கு வைக்க முடிந்தது.

ஈய எழுத்து அடுக்கிய காலத்தில் நடுவில் ஒரு தேற்றத்தை எடுத்தால் அதற்குப் பின்னால் வருகிற எல்லா இலக்கத்தையும், அவற்றைச் சுட்டுகிற எல்லா வரியையும் தேடி மாற்றவேணும். அந்தச் செலவுக்குப் பயந்து "5அ" என்று செருகிவிட்டுப் போவார்கள்.

1977இல் ஸ்ரான்போர்ட் பேராசிரியர் டொனால்ட் நூத்துக்குத் தன் புத்தகத்தின் இரண்டாம் பாக மறுபதிப்பின் அச்சுப்படி வந்தது. பழைய ஈய அச்சு அழகாக இருந்தது. புதிய ஒளிஅச்சுமுறை அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஆள் தானே ஒரு எழுத்துக்கோர்ப்பு நிரலை எழுத வெளிக்கிட்டார். கெதியாக முடியும் என்று நினைத்த வேலை பத்து வருசம் இழுத்தது. அதுதான் 'ரெக்'. ஆனால் அவருடைய அடிப்படை ரெக்கில் தேற்றத்துக்கு அழகான சாய்வெழுத்து வரும், இலக்கத்தை நீங்கள்தான் தட்டவேணும்.

அந்தப் பாரத்தை இறக்கியவர் லெஸ்லி லாம்போர்ட். 1980களின் முற்பகுதியில் ரெக்குக்கு மேல் அவர் கட்டிய 'லாரெக்'கின் கையேடு 1986இல் வந்தது. அதில் தேற்றம் என்ற இனத்தை ஒருமுறை அறிவித்தால் போதும், எண்ணி தானாக ஓடும். துணைத்தேற்றமும் வரைவிலக்கணமும் அதே எண்ணியைப் பங்குபோடலாம், இல்லை தனி எண்ணி வைக்கலாம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கவும் சொல்லலாம்.

அதைவிடப் பெரிய விசயம் லேபல். தேற்றத்துக்கு நீங்கள் ஒரு பெயர் வைக்கிறீர்கள். சுட்டுகிற இடத்தில் இலக்கத்தை எழுதாமல் அந்தப் பெயரை எழுதுகிறீர்கள். முதல் தரம் ஓட்டும்போது எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துவைக்கும். இரண்டாம் தரம் ஓட்டும்போது அதை வாசித்து இலக்கங்களைப் போடும். பெயரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் இரண்டு கேள்விக்குறி விழும்.

இனி எனக்கு நெஞ்சு திக்கென்ற கதை.

இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, எனக்கு நடந்ததை 1, 2, 3 என்று இலக்கமிட்டு ஒன்பது சம்பவங்களாக எழுதிக் கொடுத்தேன். கணிதம் படித்த கெட்டித்தனம். விசாரணைக்குக் கொஞ்ச நாள் முன்னம், சித்தப்பா வீட்டில் நடந்த தேடுதலை விட்டுவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. மூன்றாவதற்குப் பிறகு அதைச் செருகினோம். பின்னால் வந்த இலக்கமெல்லாம் ஒன்று கூடிவிட்டது. ஆனால் கடைசிப் பக்கத்தில் "இந்தத் தழும்பு சம்பவம் 6இல் ஏற்பட்டது" என்ற வரி அப்படியே கிடந்தது. புதுக் கணக்கில் 6 என்பது நான் கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தது.

"லொட்ஜில் எப்படி அடி விழுந்தது?" என்று கேட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. நான் சோதனைச்சாவடியைச் சொல்ல, அவர்கள் லொட்ஜைக் கேட்க, நடுவில் மொழிபெயர்ப்பாளர் திணற... முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி நிராகரித்தார்கள். பிறகு மேன்முறையீட்டுக்கு வந்த சட்டத்தரணி பத்து நிமிசத்தில் பிழையைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்த மேன்முறையீடு முடிய ஒன்றரை வருசம். அதற்குள் அப்பா போய்விட்டார். என் விசா கிடைத்ததென்ற செய்தி அவருக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். பிழையான இலக்கம் பார்வைக்குச் சரியான இலக்கம் மாதிரியே இருக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. என் வாக்குமூலத்தில் 6க்குப் பதிலாக இரண்டு கேள்விக்குறி விழுந்திருந்தால் யாராவது "இது என்ன?" என்று கேட்டிருப்பார்கள்.

மருமகனோடு கூட இருந்து, கையால் தட்டிய இலக்கங்களை எல்லாம் லேபலாக மாற்றினோம். ஓட்டினோம். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. பெடியன் பயந்துவிட்டான். "இன்னொருக்கா ஓட்டு" என்றேன். எல்லாம் இலக்கமாக மாறியது, ஒரு இடத்தைத் தவிர. நாலாம் அத்தியாயத்தில் ஒரு நிறுவல், தூக்கி எறிந்த துணைத்தேற்றத்தில் தங்கியிருந்திருக்கிறது. கையால் திருத்தியிருந்தால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்றின் இலக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விடிய நாலு மணிமட்டும் இருந்து அந்த நிறுவலை வேறு வழியால் எழுதிக் கொடுத்தான்.

இப்போது இதற்கும் மேலே போயிருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யோஹான் டி யோங் முன்னின்று நடத்துகிற 'ஸ்ராக்ஸ்' என்ற பெரும் கணித நூல் இணையத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒவ்வொரு தேற்றத்துக்கும் நாலு எழுத்தில் ஒரு அடையாளம். தேற்றத்தின் இலக்கம் மாறலாம், அடையாளம் மாறாது. எங்கள் ரெஸ்ரோரண்டிலும் இதே சட்டம்தான். ஒன்பதாம் மேசையை எடுத்து நாலு வருசம். எட்டுக்குப் பிறகு பத்துத்தான். மாற்றினால் சாப்பாடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஊரிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரேயொரு கொப்பி. அதில் என் கையெழுத்தில் "தேற்றம் 14ஐப் பார்க்கவும்" என்று இருக்கிறது. தேற்றம் 14 இருந்த கொப்பி வீட்டோடு போய்விட்டது. அன்று விடிய, மருமகன் படுத்த பிறகு, அந்தக் கொப்பியை எடுத்து 14க்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.