பப்பாளியும் எலியின் கருவும்



எங்கள் மேனாம்பேட்டில் புழக்கடையில் பப்பாளி நிற்கும். கருவுற்ற பெண்டிரோ அதன் பக்கமும் செல்லார். காயும் ஆகாது, கனியும் ஆகாது என்பர் முதியோர். இதனைச் சங்ககால வழக்கென எண்ணிவிடாதீர்கள்! பப்பாளியின் தாயகம் அமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியக் கப்பல்கள் அதனை ஆசியாவிற்குக் கொணர்ந்தன.

தழையோ மாத்திரையோ, தாயை வருத்தாத பொருளும் கருவை வருத்தக்கூடும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து, தீங்கற்றதாகவே தோன்றிற்று. 1961 நவம்பரில் அங்கே அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்தும் வேறு ஊனங்களுடனும் பிறந்தன. அதன் பின்னரே புது மருந்துகளைச் சினை விலங்குகளுக்குக் கொடுத்துக் கருவை ஆராயும் முறை வலுப்பெற்றது. நாட்டு மருந்துகளோ, பழமை என்னும் சலுகையால் பெரும்பாலும் இச்சோதனைக்குத் தப்பின. பழமை சான்றாகுமோ?

பப்பாளியைச் சோதித்தவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார். சினை எலிகள் கனியைத் தின்றன, கருக்களுக்குக் குறையில்லை. காயின் பாலோ, எலியின் கருப்பைத் தசையில் பட்டதும் அதனை இறுகச் சுருக்கிற்று. 2002-இல் இம்முடிவு வெளியாயிற்று. முதியோர் காயை விலக்கியதற்குக் காரணம் கிடைத்தது. கனியை விலக்கியதற்குக் கிடைக்கவில்லை.

எலிக்கு ஒத்தது மனிதருக்கு ஒக்குமா என மாணவர் சிலர் என்னை வினவுவதுண்டு. நல்ல வினா. தாலிடோமைடு எலிக்கருவை ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. முயல்களிலோ குட்டிகள் ஊனமுற்றுப் பிறந்தன. இன்று கருச்சோதனையை எலி, முயல் என ஈரினங்களில் நடத்துவது இதனாலேதான்.