28 வரை எந்த எண்ணாலும் வகுபடும்... 1729 இல்லீங்க, இது ராமானுஜனின் 13 இலக்க எண்!

ராமானுஜன் எண்னு சொன்னதும் எல்லோருக்கும் 1729 தான் ஞாபகம் வரும். ஆனா, அவரோட இன்னொரு எண்ணைப் பார்த்திருக்கீங்களா? 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

எம்.கே.பி. நகர், ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ராமானுஜன் நம்ம ஏரியாக்காரர் மாதிரிதான். 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர், 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறுவருஷம் லண்டன் கணிதச் சங்க இதழில் வெளியான அவரது நீண்ட கட்டுரையின் பட்டியலில், கடைசியாக நிற்பது இந்த எண்தான். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டத்தை வாங்கிக்கொடுத்ததும் அந்தக் கட்டுரையே.

அப்படி என்ன ஸ்பெஷல்?

10-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 5, 10 என நான்குதான். 12-க்கு ஆறு. அதனாலதான் டஜன் கணக்கில் வாங்கினா பங்கு போடுறது ஈஸி. 12-ஐ விடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்துவதுதான் 'உயர் பகு எண்'. 60-ம் அப்படித்தான், அதுக்கு 12 காரணிகள்.

நம்ம 13 இலக்க எண்ணுக்கு? 10,080 காரணிகள்!

ஒவ்வொண்ணா எண்ண வேண்டாம்

இந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

6, 4, 2, 2, 1... என்று எண்ணிக்கை இறங்கிக்கிட்டே போகுது, எங்கேயும் ஏறலை. எல்லா உயர் பகு எண்களும் இப்படித்தான் இருக்கும். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார். 4, 36 மட்டும் விதிவிலக்கு.

விட்டுப்போன ஒன்று

அந்தப் பட்டியலில் ஓர் உயர் பகு எண் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. அதே 13 இலக்க எண் வரும்! விட்டுப்போனது, பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு.

வீட்டிலேயே செஞ்சு பாருங்க

மொபைல் கால்குலேட்டரில் பெரிய எண்ணைப் போட்டு, குட்டீஸை 1 முதல் 28 வரை ஒவ்வொன்றாக வகுக்கச் சொல்லுங்க. ஒருமுறைகூட மீதி வராது. 29-ல்தான் முதல் தடவை தசமப்புள்ளி எட்டிப்பார்க்கும். விடுபட்ட எண் எதில் மாட்டும்? 22 வரை தாங்கி, 23-ல் நின்றுவிடும். ஏன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்.

கணக்குன்னாலே பயப்படுற பிள்ளைங்களுக்கு ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: இவ்ளோ பெரிய எண்ணைக்கூட, சின்னச் சின்னப் பகா எண்களை வெச்சே பிரிச்சுப் பார்த்துடலாம்.