ஸ்பார்ட்டக்கஸின் படையில் இருந்தவர்கள்



'ஸ்பார்ட்டக்கஸ்' என்றொரு தொடர் நாடகம் 2010ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, 2013இல் முடிந்தது. முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. கிரிக்சஸ் பெரிய வீரனா, கேனிக்கஸ் பெரிய வீரனா என்று இளைஞர்கள் வாதாடுகிறார்கள். பண்டைய ரோமாபுரியில் நடக்கும் அந்தக் கதையில் இரத்தம் ஆறாக ஓடுகிறது. சின்னஞ்சிறுவர் இருக்கும் வீட்டில் போட்டுப் பார்க்கத்தக்க நாடகம் அன்று என்பதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைப் பார்த்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி நல்ல கேள்வி: "சார், இதெல்லாம் உண்மையா?"

பாதிக்குமேல் உண்மைதான். ஸ்பார்ட்டக்கஸ், கிரிக்சஸ், கேனிக்கஸ், ஈனோமாஸ் ஆகிய பெயர்கள் பழைய நூல்களில் உள்ளவை. அவர்களுடைய எசமானன் பட்டியாட்டஸும் இருந்தான். கி.மு. 73இல் கப்புவா என்ற ஊரில் அவன் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்துதான் அவர்கள் தப்பினார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால் வாளெடுத்துப் போரிட வேண்டிய அடிமைகள் அவர்கள், கிளேடியேட்டர் என்பார்கள். தப்பிய அன்று அவர்கள் கையில் வாள்கூட இல்லை. சமையற்கட்டில் புகுந்து, கத்தியையும் இறைச்சி சுடும் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். தொகை 78 பேர். வழியில் ஆயுதம் ஏற்றிப் போன வண்டிகள் அகப்பட்ட பிறகுதான் அவர்களுக்கு உரிய கருவிகள் கிடைத்தன.

நாடகம் மாற்றியது எது? ஸ்பார்ட்டக்கஸின் மனைவியைச் சொல்லலாம். நாடகத்தில் அவளுக்குச் சூரா என்று பெயர் சூட்டி, கலகம் தொடங்கும் முன்பே சாகடித்துவிட்டார்கள். பழைய நூலில் அவள் அவனுடைய இனத்தவள், குறி சொல்லுகிறவள், அவனோடு சேர்ந்து தப்பியவள். பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஜூலியஸ் சீசர் இந்தப் போரில் வாள் சுழற்றுவதாகக் காட்டுவதற்கும் பழைய நூல்களில் ஆதாரம் இல்லை. வீரர்களின் உடற்கட்டைப் பார்த்து, நாள்தோறும் இறைச்சி தின்றவர்கள் என்று எண்ணவேண்டாம். இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் நகரில் கிளேடியேட்டர்களின் இடுகாடு ஒன்றைத் தோண்டி, எலும்புகளைச் சோதித்தார்கள். அவர்கள் பெரும்பாலும் தின்றது தானியமும் பயறும். 'வாற்கோதுமைக்காரர்கள்' என்றே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.

இவை சின்னச் சின்னச் செய்திகள். நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று.

தப்பியவர்கள் 78 பேர். சில மாதங்களில் படையின் தொகை 70,000 ஆயிற்று என்கிறார் அப்பியன் என்ற வரலாற்றாசிரியர். அந்த எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், மற்றவர்கள் யார்? அத்தனை ஆயிரம் கிளேடியேட்டர்கள் ஏது? நாடகத்தில் அவர்கள் வீரர்களுக்குப் பின்னால் நிற்கும் கூட்டம். உண்மையில் அந்தப் போரே அவர்களுடையதுதான். அவர்கள் தோட்டத்து ஆட்கள், நேயர்களே. வயலில் உழுதவர்கள், திராட்சைக்குக் கொத்தியவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள்.

அக்காலத்து இத்தாலியில் செல்வர்கள் பெரும் பெரும் தோட்டங்களை வளைத்துப் போட்டிருந்தார்கள். போரில் பிடிபட்ட அந்நிய நாட்டவரை விலைக்கு வாங்கி வேலை வாங்கினார்கள். மேற்பார்வைக்கு ஒருவன் இருப்பான். நம்மவர் கங்காணி என்பார்களே, அது போல. அவனும் அடிமைதான். இந்தத் தோட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர் ஒரு நூல் எழுதினார். ஸ்பார்ட்டக்கஸுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முந்தியது. இன்றும் கிடைக்கிறது. அதில் அடிமைக்கு அளக்கும் படியைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நிலத்தில் பாடுபடுகிறவனுக்குக் குளிர்காலத்தில் மாதம் 4 மரக்கால் கோதுமை. இன்றைய நிறுவையில் சுமார் 26 கிலோ. கோடையில் அரை மரக்கால் கூடுதல். மேற்பார்வையாளனுக்கு 3 மரக்கால் போதும் என்கிறார். விலங்கு பூட்டி வேலை வாங்கப்படுகிறவனுக்குத் தானியம் இல்லை, ரொட்டி. நாளுக்கு 4 இராத்தல். திராட்சைத் தோட்டத்தைக் கொத்தத் தொடங்கினால் 5 இராத்தல். அத்திப்பழம் பழுக்கத் தொடங்கியதும் திரும்பவும் 4. ஏன்? பழத்தைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்வான் அல்லவா! எத்தனையோ போர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இந்த ஒரு இராத்தல் ரொட்டிக் கணக்குப் போல என் மனத்தை உறுத்தியது வேறில்லை.

உடை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. புதியதைக் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், ஒட்டுத் துணி தைக்க உதவும். கிழட்டு மாடு, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை, இவற்றையெல்லாம் விற்றுவிட வேண்டும். இப்படி ஒரே பட்டியலில் எழுதுகிறார். கேட்டோ கொடியவர் என்று பெயரெடுத்தவரல்லர். ஒழுக்க சீலர் என்று ரோமானியர் போற்றியவர்!

இப்படிப்பட்ட தோட்டங்களிலிருந்துதான் ஆட்கள் வெசூவியஸ் எரிமலைக்கு ஓடிவந்து ஸ்பார்ட்டக்கஸோடு சேர்ந்தார்கள். அடிமையல்லாத ஏழைக் கூலிகளும் சிலர் வந்தார்கள் என்று அப்பியன் குறிக்கிறார். கிளேபர் என்ற தளபதி 3,000 பேருடன் வந்து, மலையிலிருந்து இறங்கும் ஒரே பாதையை அடைத்தான். பட்டினி போட்டால் இறங்கி வருவார்கள் என்பது அவன் எண்ணம். மலையுச்சியில் காட்டுக் கொடிகள் மண்டிக் கிடந்தன. அவற்றை அறுத்து, ஏணியாகப் பின்னி, செங்குத்தான பக்கமாக இறங்கினார்கள். கடைசி ஆள் மேலே நின்று ஆயுதங்களை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான். ரோமானியப் பாசறை பின்பக்கமாகத் தாக்கப்பட்டது. நாடகத்திலும் இது வருகிறது. வாள்வீச்சைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் இடையர்கள் வந்தார்கள். கட்டான உடலும் வேகமான காலும் உடையவர்கள் என்று புளூட்டார்க் சொல்லுகிறார். அவர்களில் சிலர் வேவு பார்க்கும் வேலைக்குப் போனார்கள். கொடிகளைப் பின்னி, மேலே தோலைப் போர்த்துக் கேடயம் செய்தார்கள். அடிமைக் கொட்டடிகளின் இரும்பையே உருக்கி வாள் அடித்தார்கள். படைக்குள் பொன்னும் வெள்ளியும் வரக்கூடாது என்று ஸ்பார்ட்டக்கஸ் தடுத்தான். இரும்பும் செம்பும் வாங்கினான். கொள்ளைப் பொருளைச் சமமாகப் பங்கிட்டான்.

அவனைத் தேவனாக்கவும் வேண்டாம். கிரிக்சஸ் போரில் விழுந்தபோது, அவனுக்காக 300 ரோமானியக் கைதிகளைப் பலியிட்டான். அவனுடைய ஆட்கள் ஊர்களைச் சூறையாடினார்கள். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அவரவர் நாட்டுக்குப் போய்விடலாம் என்பது அவன் திட்டம் என்றும், வெற்றி மயக்கத்தில் இருந்த ஆட்கள் கேட்கவில்லை என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். இரண்டு கான்சல்களின் படைகளை முறியடித்து வடக்கே போன படை தெற்கே திரும்பியது. அங்குதான் வினை.

இதையெல்லாம் எழுதிய புளூட்டார்க்கும் அப்பியனும் சம்பவம் நடந்து 150 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கலகம் செய்தவர்கள் எழுதிய ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. அப்படியிருந்தும் புளூட்டார்க் ஒரு செய்தியை மறைக்கவில்லை. கேனிக்கஸின் பிரிவு தோற்ற நாளில் 12,300 பேர் மாண்டார்கள். அவர்களில் முதுகில் காயம் பட்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

கி.மு. 71இல் கிராசஸ் என்ற பெருஞ்செல்வன் படை நடத்தி வந்து கலகத்தை ஒடுக்கினான். நாடகத்தில் ஸ்பார்ட்டக்கஸை நண்பர்கள் அடக்கம் செய்கிறார்கள். அவன் உடல் கிடைக்கவே இல்லை என்கிறார் அப்பியன். உயிரோடு பிடிபட்ட 6,000 பேரையும் கப்புவாவிலிருந்து ரோம் வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். அந்தச் சாலை நாள்தோறும் அடிமைகள் சுமை தூக்கிப் போகிற சாலை.

ரோமானியர் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, இத்தாலியின் தெற்கே தூரி என்ற ஊர்ப்பக்கம் ஒரு கூட்டத்தை அடக்க மீண்டும் படை அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில், ஸ்பார்ட்டக்கஸின் படையில் எஞ்சியவர்கள் இருந்தார்கள்.