கப்போங் வட்டமும் நாங்கூருடையான் தொட்ட குளமும்

தாய்லாந்து நாட்டின் தென்பகுதியிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 'தக்குவாபாக் கல்வெட்டு' என்னும் பெயரால் ஆராய்ச்சி நூல்களில் வழங்கிவருகின்றது. 1902ஆம் ஆண்டில் போர்க் என்னும் சுரங்கப் பொறியாளர் அதனைக் கண்டறிந்து வெளியுலகிற்கு அறிவித்தார். ஆயின், அக்கல் கிடைத்த காவ் பிரா நாராய் என்னும் குன்று இன்றைய தக்குவாபா வட்டத்தைச் சேர்ந்ததன்று. அதற்குக் கிழக்கே உள்நாட்டில் அமைந்த கப்போங் வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வேறுபாடு பெயரளவினதே எனச் சிலர் கருதக்கூடும். கல்லின் பொருளை உணர்தற்கு அது நின்ற நிலத்தை அறிதல் இன்றியமையாததாகலின், அவ்வட்டத்தின் நில இயல்பையும் ஆட்சி வரலாற்றையும் முதற்கண் கூறி, பின்னர்க் கல்வெட்டினை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நில இயல்பு

கப்போங், பங்கா மாகாணத்து வட்டங்களுள் ஒன்று. மேற்கே தக்குவாபா வட்டமும், வடகிழக்கே சூரத் தானி மாகாணத்துப் பனோம் வட்டமும், தெற்கே தாய் முவாங் முதலிய வட்டங்களும் இதன் எல்லைகள். பரப்பு ஏறத்தாழ 590 சதுர கிலோமீட்டர். இவ்வட்டத்திற்குக் கடற்கரை இல்லை. மலைகளும் அவற்றிடையே அமைந்த ஒடுங்கிய பள்ளத்தாக்குகளுமே இதன் நிலம். இம்மலைகளில் தோன்றும் ஓடைகள் ஒன்றுகூடித் தக்குவாபா ஆறாகி மேற்கு நோக்கிச் சென்று அந்தமான் கடலிற் கலக்கின்றன. ஆற்று முகத்தை அடுத்துக் கோ கோ காவ் என்னும் தீவு உள்ளது. அத்தீவின் துங் துக் என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனத் தாங் காலப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்துள்ளன. எனவே, கடல் வாணிகம் ஆற்று முகத்தில் நிகழ்ந்தது. தமிழ்க் கல்லோ உள்நாட்டில் நிறுவப்பெற்றது. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இந்நிலப்பகுதி மழை மிக்கது. மே திங்கள் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மோதிப் பெருமழை பொழிகின்றது. ஆண்டு மழையளவு 3,000 மில்லிமீட்டரை விஞ்சும். சனவரி முதல் மார்ச்சு வரையிலான சில திங்களே வறண்டவை. மண்ணில் வெள்ளீயம் உண்டு. தாய் மொழியில் 'தக்குவா' என்பது ஈயத்தையும், 'பா' என்பது காட்டையும் குறிக்கும் சொற்கள். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் வெள்ளீயம் அகழும் தொழில் இப்பள்ளத்தாக்குகளில் பெருகியது. அதனால் ஆற்றில் இறங்கிய மணல் அதன் படுகையை மேடாக்கியது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழவே அத்தொழில் தளர்ந்தது. இன்று இரப்பர்த் தோட்டங்களும் பழத்தோட்டங்களுமே வாழ்வுக்கு ஆதாரம். இவ்வட்டத்துச் 'சாலிக்கா' என்னும் துரியன் பழவகை பெயர் பெற்றது.

2. ஆட்சிமுறை

இப்பகுதி பழைய சயாம் அரசில் தக்குவாபா நகரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1785இலும் 1809இலும் பர்மியப் படைகள் மேற்குக் கரையைத் தாக்கியபோது தக்குவாபா அழிவுற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இளவரசர் தாம்ரோங், உள்நாட்டமைச்சராக இருந்து நாட்டு ஆட்சியைச் சீர்ப்படுத்தியபொழுது, மேற்குக் கரை நகரங்கள் பூக்கெட் மண்டலத்துள் அடங்கின. 'மண்டலம்' என்னும் வடசொல்லே அங்கு 'மொந்தொன்' என வழங்கியது. 1932இல் தக்குவாபா தனி மாகாணம் என்னும் நிலையை இழந்து பங்காவுடன் இணைக்கப்பெற்றது. மறு ஆண்டிலேயே மண்டல முறையும் ஒழிந்தது. அதன்பின் கப்போங், பங்கா மாகாணத்தைச் சேர்ந்ததாயிற்று.

வட்டத்தை அந்நாட்டார் 'அம்ப்போ' என்பர். அதன் தலைவர் தலைநகரிலிருந்து அமர்த்தப்பெறும் அலுவலர். வட்டத்தின் உட்பிரிவு 'தம்போன்'. அதனுள் அடங்குவன ஊர்கள். கப்போங், தா நா, மோ, லே, ரொம்மணி என இவ்வட்டத்தில் 5 தம்போன்கள் உள. ரொம்மணி என்பது 'ரமணீயம்' என்னும் வடசொல்லின் திரிபு. ஊர்த்தலைவரும் தம்போன் தலைவராகிய கம்னானும் 1897, 1914ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஆட்சி அமைப்பிற் சேர்க்கப்பெற்றனர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தம்போன் அளவில் தேர்தல் வழி அமையும் மன்றங்களுக்கு இடமளித்தது. குடிநீருக்கும் வேளாண்மை நீருக்கும் ஏற்பாடு செய்தல் அம்மன்றங்களின் பணிகளுள் ஒன்றாகும். நீர்நிலையைக் காப்பவர் யார் என்னும் இவ்வினாவே காவ் பிரா நாராய்க் கல்லிலும் விடை பெற்றுள்ளது.

3. கல்லும் சிலைகளும்

காவ் பிரா நாராய் லே தம்போனில் உள்ளது. 'பிரா நாராய்' என்பது நாராயணன் எனப் பொருள்படும். இக்குன்றினருகே மூன்று கற்சிலைகள் மரத்தின் வேர்கள் தழுவிய நிலையிற் காணப்பெற்றன. பின்னர் அவை பூக்கெட்டிலுள்ள தலாங் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பெற்றன. அவை திருமால், நிலமகள், மார்க்கண்டேய முனிவர் ஆகியோரின் உருவங்கள் என்பது அறிஞர் கருத்து. தமிழ்நாட்டுச் சிற்பமரபைத் தழுவிய இவற்றின் காலம் 9ஆம் நூற்றாண்டளவினது.

கல்வெட்டினை ஹூல்ட்சு 1913, 1914ஆம் ஆண்டுகளிற் படித்து வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் 1932இலும் 1949இலும் அதனை மீண்டும் ஆராய்ந்தார். எழுத்துக்கள் பல சிதைந்துள்ளன. எஞ்சியவற்றிலிருந்து பெறப்படும் செய்தி இதுவே: நாங்கூருடையான் ஒருவன் குளம் ஒன்று தொட்டான், அதன் பெயர் அவனிநாரணம், மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் பெயர் சிதைந்த மற்றொரு கூட்டத்தாரும் அதற்கு அடைக்கலம். அகழ்தற் பொருளில் 'தொடு' என்னும் பழைய வினை இங்கு ஆளப்பெற்றமை மொழியாராய்ச்சியாளர் கருதத்தக்கது. நாங்கூர், சீர்காழிக்கு அணித்தாய ஊர். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயர். நந்திக் கலம்பகத்திலும் அது பயில்கின்றது.

4. வென்ற நாடா, வாழ்ந்த இடமா?

வேந்தன் பெயர் குளத்திற்கு வழங்குவதாலும், சேனாமுகம் என்னும் சொல் வருவதாலும், பல்லவர் படை இந்நிலத்தை வென்று ஆண்டது எனத் துணிவாருளர். இத்துணிபு பொருந்துவதாகத் தோன்றவில்லை. கல்லில் எஞ்சிய பகுதியில் போரைப் பற்றியோ திறையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தம் நாட்டு வேந்தன் பெயரைத் தாம் செய்த அறத்திற்கு இடுதல் அயல்நாட்டில் வாழ்வார்க்கும் இயல்பே. சேனாமுகம் என்னும் சொல் படைவீட்டினைக் குறித்தல் கூடும். மயமதம் போன்ற சிற்பநூல்களில் அது குடியிருப்பு வகைகளுள் ஒன்றாகவும் கூறப்படுகின்றது. படைவீடு என்றே கொள்ளினும், பெருவழியிற் செல்லும் வணிகர் தமக்கெனக் காவற்படை வைத்திருந்தமை தென்னாட்டுக் கல்வெட்டுகளால் நன்கு விளங்கும்.

இனி, மழை மிக்க இந்நிலத்திற் குளம் தொட்டது எற்றுக்கு? தமிழகத்து ஏரியைப் போல வயலுக்கு நீர் தேக்குதல் இங்கு முதன்மை நோக்கமாதல் அரிது. ஆற்றுநீர் மழைக்காலத்திற் கலங்கும், கோடையிற் சுருங்கும். ஆகவே, குடிநீருக்கும் திருமால் கோயிலின் நீராட்டுக்கும் உரியதாக இக்குளம் அமைந்தது எனக் கொள்ளுதல் நிலத்தின் இயல்புக்கு ஒத்தது. காற்றுக்குக் காத்திருந்து ஒரு பருவம் தங்கிச் செல்பவர் துறையிலேயே தங்குவர். உள்நாட்டிற் சென்று குளந்தோண்டி, அதற்குப் பெயரிட்டு, காவலும் அமைப்பவர் ஆண்டுக்கணக்கில் வாழும் கருத்துடையவரே.

காவலமைப்பு இதனினும் சிறப்பாகக் கருதற்பாலது. தமிழகத்தில் நீர்நிலை காப்பது ஊரும் சபையும். 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. கப்போங் கல்லின் எஞ்சிய பகுதியில் ஊராரும் இல்லை, சபையாரும் இல்லை. அவ்விடத்தில் வணிகக் குழுவாகிய மணிக்கிராமம் நிற்கின்றது. ஏறத்தாழ அக்காலத்ததாகிய 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும், கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாருக்கும் மணிக்கிராமத்தாருக்கும் அளிக்கப்பெற்றது. இரண்டையும் ஒப்புநோக்கின், தமக்கென ஊரவை இல்லாத இடத்தில் வணிகக் குழுவே ஊரவையின் கடமையை ஏற்றது என்பது புலனாகும்.

5. மலைகடந்த வழி

குவாரிச் வேல்சு என்பார், தக்குவாபாவிலிருந்து மலைகடந்து கீழ்க்கரைப் பண்டோன் விரிகுடாவுக்குப் பண்டைய வணிகவழி இருந்ததென 1930களில் எழுதினார். பின்வந்த சாக்-எர்குவால்க், மலைவழியின் அருமையைக் காட்டி அக்கருத்தை மறுத்தார். வணிகர் உள்நாட்டிற் குடியேறியதற்கு நெடுவழி ஒன்றே காரணமாதல் வேண்டுவதில்லை. வெள்ளீயமும் காடுபடு பொருளும் தரும் பள்ளத்தாக்கே அவர்களை ஈர்க்கப் போதுமானது.

இதுகாறும் கூறியவற்றால், காவ் பிரா நாராய்க் கல்வெட்டு வெற்றிச் சின்னமன்று, ஆட்சி ஆவணம் என்பது பெறப்படும். கடல்கடந்த தமிழர் பெருமையை வேந்தர் வெற்றியில் மட்டும் தேடுவார்க்கு இம்முடிவு உவப்பளியாதாகலாம். ஆயினும், வேற்று மண்ணில் தண்ணீருக்குக் காவல் ஏற்பாடு செய்து கல்லிற் பொறித்த ஒரு குழுவின் ஒழுங்கு, வெற்றியினும் குறைந்த சிறப்புடையதன்று. அக்கல்லைத் தக்குவாபாக் கல்வெட்டு என்று மட்டும் வழங்குமிடத்து, அது துறைமுகத்துக் கல்லெனத் தோன்றும். கப்போங் வட்டத்துக் கல்லென உணருமிடத்தே, அது குடியிருப்பின் கல்லென விளங்கும். கல்வெட்டாராய்வோர் கிடைத்த இடத்தின் பெயரைத் திருத்தமுறக் குறித்தல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.