கான்கிரீட்டின் நலம் காணும் உணரிகள்: ஒரு வரலாறு

முதுமை எய்திய பாலங்கள், அணைகள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் முதலியவற்றின் உள்ளே நிகழும் சேதத்தைக் கருவிகளைப் பொருத்தித் தொடர்ந்து அறியும் முறை கட்டுமான நலக் கண்காணிப்பு எனப்படும். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு இதனை ஒப்பிடுவர். இத்துறைக்குத் தமிழ்நாட்டில் காரைக்குடி, சென்னை, பாம்பன் ஆகிய மூன்று ஊர்களோடு நெருங்கிய தொடர்பு உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் முகையூர் வட்டாரத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றில் அண்மைக் காலத்தில் இடிந்த கட்டுமானங்களோ இதன் எல்லை எதுவென்று காட்டுகின்றன.

தட்டிப் பார்த்தல்

சந்தையில் மண்பானை வாங்குபவர் அதைச் சுண்டிப் பார்த்தே வாங்குவார். கணீரென்ற ஒலி வந்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் விரிசல். கான்கிரீட்டைச் சோதித்த தொடக்க முறைகளும் இதே அறிவின் வளர்ச்சிதான். 1940களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் ஒரு சுத்தியலை உருவாக்கினார். வில்சுருளால் உந்தப்படும் எடை கான்கிரீட்டில் மோதி எவ்வளவு தூரம் துள்ளித் திரும்புகிறது என்பதைக் கொண்டு மேற்பரப்பின் கடினத்தை அது அளக்கும். ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவிலும் இங்கிலாந்திலும் மீயொலித் துடிப்பைக் கான்கிரீட்டின் ஒரு பக்கத்தில் செலுத்தி, மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை அளக்கும் முறை வளர்ந்தது. வழியில் விரிசலோ வெற்றிடமோ இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு வரும், நேரம் கூடும். இந்தியத் தர நிறுவனம் 1992இல் இவ்விரு முறைகளுக்கும் விதிமுறை வெளியிட்டது. அதன்படி ஒலியின் வேகம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கான்கிரீட் மிக நன்று எனக் கொள்ளப்பட்டது. 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஐயத்துக்குரியது எனக் கருதப்பட்டது.

இவை எல்லாம் ஒரு நாள் சென்று பார்த்துவிட்டு வரும் சோதனைகள். மறுநாள் என்ன நடக்கிறது என்பதை இவை சொல்லா.

புதைத்து வைத்த தந்தி

கட்டும்போதே கருவியைக் கான்கிரீட்டினுள் புதைத்துவிடும் எண்ணம் அணைக் கட்டுமானத்தில் தோன்றியது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கொய்ன் 1931இல் அதிர்தந்தி உணரிக்குக் காப்புரிமை பெற்றார். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் சுரமானியைக் கையாண்ட மாணவர் எவருக்கும் இதன் தத்துவம் உடனே விளங்கும். இழுவிசை கூடினால் தந்தியின் அதிர்வெண் கூடும், தளர்ந்தால் குறையும். வீணையின் முறுக்காணி செய்வதும் இதுவே. ஓர் எஃகுக் குழாயினுள் தந்தியை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால், கான்கிரீட் சுருங்கும்போதும் நீளும்போதும் தந்தியின் சுருதி மாறும். மின்காந்தத்தால் தந்தியை மீட்டி அச்சுருதியை வெளியிலிருந்து அளக்கலாம். அணைகளில் இவ்வகை உணரி இன்றும் புழக்கத்தில் உள்ளது.

இந்தக் கொய்ன் வடிவமைத்த அணைகளுள் ஒன்று பிரான்சின் தெற்கே இருந்த மால்பாசே. 1959 டிசம்பர் 2ஆம் நாள் இரவு அது உடைந்து 423 பேர் இறந்தனர். கான்கிரீட்டில் குறை காணப்படவில்லை. இடது கரையில் அணையைத் தாங்கிய பாறையே நகர்ந்துவிட்டது. கான்கிரீட்டின் சுருதியைக் கேட்கக் கற்றுத் தந்தவரின் அணை, கான்கிரீட்டுக்கு வெளியே இருந்த குறையால் வீழ்ந்தது. பாறையினுள் தேங்கும் நீரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும் என்ற கருத்து இதன் பின்னரே உலகெங்கும் வலுப்பெற்றது.

துருவும் காரைக்குடியும்

கான்கிரீட்டை உள்ளிருந்து அரிப்பது பெரும்பாலும் கம்பியின் துருவே. புதிய கான்கிரீட் வலிமையான காரத்தன்மை உடையது. அதுவரை கம்பி பாதுகாப்பாக இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல நுழைந்து காரத்தைக் குறைத்தாலும், கடற்காற்றின் உப்பு கம்பியை எட்டினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். துரு தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலுள்ள கான்கிரீட் பிளந்து பெயர்கிறது. பழைய வீடுகளின் தளத்தில் கம்பி தெரியக் காரை உதிர்ந்து கிடப்பதைக் காணாதவர் குறைவு.

காரம் எவ்வளவு ஆழம்வரை போய்விட்டது என்று பார்க்க, உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் தெளித்தால் போதும்: காரம் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் நிறம் மாறாது. கம்பி துருப்பிடிக்கிறதா என்பதை உடைக்காமலே அறிய 1950களில் கலிபோர்னியாவில் மின்னழுத்த முறை உருவானது. கம்பியை ஒரு முனையாகவும், கான்கிரீட்டின் மேல் வைத்த செப்பு–செப்பு சல்பேட் அரைமின்கலத்தை மறுமுனையாகவும் கொண்டு மின்னழுத்தம் அளக்கப்படும். அளவு −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் துரு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் அரிமான ஆய்வின் தலைமையிடம் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. உப்புக்காற்று கடுமையாக வீசும் மண்டபத்தில் அந்நிறுவனம் ஆய்வு நிலையமும் அமைத்தது. கட்டுமானத்தின் வலிமையை ஆராயச் சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

வெப்பம் என்னும் குழப்பம்

உணரியைப் பொருத்துவது எளிது. அது சொல்வதைப் புரிந்துகொள்வதே கடினம். இதற்குச் சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலம் சிறந்த பாடம். 1963இல் கட்டப்பட்ட அந்த முன்தகைவுக் கான்கிரீட் பாலம் இடிக்கப்பட இருந்தது. அதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு அதன் அதிர்வுகளைப் பதிவு செய்தனர். பின்னர் 1998இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்திப் பார்த்தனர். சேதம் கூடக்கூட அதிர்வெண் குறையும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் சேதமே இல்லாத குளிர்கால நாள்களிலும் அதிர்வெண் வெகுவாக மாறியிருந்தது. உறைபனியில் மேலிருந்த தார்த்தளம் இறுகிப் பாலத்தை விறைப்பாக்கியதே காரணம். விழுப்புரத்தில் உறைபனி இல்லை. ஆனால் கத்திரி வெயில் உண்டு. நண்பகலில் கான்கிரீட் அடையும் நீட்சியைத் தனியே கழிக்காமல் எந்த அளவையும் நம்ப இயலாது. 1993இல் கனடாவின் கால்கரி நகரில் பெடிங்டன் டிரெயில் பாலத்தில் ஒளியிழை உணரிகள் புதைக்கப்பட்டன. மின்கம்பி வேண்டாத அவற்றிலும் வெப்பத்தைப் பிரித்தறிய வேண்டிய தேவை மாறவில்லை.

பாம்பன்

1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இரும்புப் பாலம். கான்கிரீட் பாலம் அன்று. எனினும் உணரியின் சொல்லைக் கேட்டு உடனே செயல்பட்டதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1964 புயலில் சிதைந்து, மீட்கப்பட்டு, 2007இல் அகலப் பாதையாக மாற்றப்பட்ட இப்பாலத்தில் சென்னை ஐஐடி உணரிகளைப் பொருத்தியது. 2022 டிசம்பர் இறுதியில், கப்பல்களுக்குத் திறக்கும் தூக்குப் பகுதி குறித்து அவை எச்சரிக்கை தந்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பின்னர் அப்பாலத்தில் ரயில் ஓடவே இல்லை. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்படும்வரை, இரண்டேகால் ஆண்டுகளுக்கு மேல், ராமேசுவரம் பயணிகள் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே போனார்கள். சிரமம் பெரிது, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தென்பெண்ணை

முகையூர் வட்டாரத்தின் நிலை வேறு. தென்பெண்ணையில் 1949–50இல் கட்டப்பட்ட எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அதே வெள்ளத்தில், திறந்து ஓராண்டே கடந்திருந்த தளவானூர் தடுப்பணையும் சேதமடைந்தது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி நீர் திறக்கப்பட்டபோது, மேலே திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அது திறக்கப்பட்டு மூன்று மாதமே ஆகியிருந்தது. ஆக, இவ்வாற்றில் முதியதும் இளையதும் ஒன்றாகவே வீழ்ந்தன. கம்பி துருப்பிடிக்கக்கூட இளையவற்றுக்கு நேரம் இருக்கவில்லை.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளில் அளவுக் கருவிகள் வேண்டும் என்கிறது. பொதுவாக 15 மீட்டருக்கு மேற்பட்டவையே அதில் அடங்கும். 10 மீட்டருக்கு மேற்பட்ட சில அணைகளும் நிபந்தனையோடு சேரும். ஆற்றில் குறுக்கே கிடக்கும் தாழ்ந்த அணைக்கட்டுகள் அதன் வரம்பில் வருவதில்லை.

மணலாற்றில் கட்டியவற்றுக்குப் பெரும் பகை அடிமண் அரிப்பு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோகரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5இல் இடிந்து பத்துப் பேர் இறந்தது இதனால்தான். அதன் பிறகே அடித்தளத்தருகே எதிரொலிக் கருவிகளை வைத்து மண்ணின் ஆழத்தை அளக்கும் வழக்கம் பரவியது. இதை வெள்ளம் ஓடும்போதே அளக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. நீர் வேகமாக ஓடும் வேளையில் தூணின் அடியில் குழி தோண்டப்படுகிறது. வேகம் தணிந்ததும் மேலிருந்து வரும் மணல் அதே குழியை நிரப்பிவிடுகிறது. வெள்ளம் வடிந்தபின் ஆற்றில் இறங்கிப் பார்ப்பவருக்கு மணல் மட்டமாகவே தெரியும்.