முட்டும் ஆடும் முறியும் இரும்பும்

புதுச்சேரியில பிரெஞ்சு தெரிஞ்சவனுக்கு மொழிபெயர்க்க வர்றதெல்லாம் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் கடிதம், நொத்தேர் பத்திரம்தான். நான் இருக்கிற கதிர்காமத்துக்குப் பக்கத்துல தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை இருக்கிறதால, எப்பவாவது பழைய பிரெஞ்சு எந்திரத்தோட இரும்புச் சோதனைத் தாளும் வரும். அதுல அடிக்கடி கண்ணுல படுற 'ரெசிலியான்ஸ்' பத்தித்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் மிஷன் அச்சகத்துல 1855லயும் 1862லயும் ரெண்டு பாகமா வந்த முசே - துப்புய் தமிழ்-பிரெஞ்சு அகராதி பெரிய உழைப்பு. ஆனா இந்தப் பொருள் அதுல இருக்க வழியில்லை. ஏன்னா இந்தச் சோதனையை ஜார்ஜ் ஷார்ப்பி முறைப்படுத்தி எழுதினது 1901ல. ஊசல் எந்திரத்தை 1898லயே அமெரிக்காவுல ரசல் செஞ்சுட்டார், அது வேற கதை.

சோதனை எளிசு. 10க்கு 10 மி.மீ. கனம், 55 மி.மீ. நீளத்துல ஒரு இரும்புத் துண்டு. நடுவுல 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. ஊசல் மாதிரி ஆடி வர்ற சம்மட்டி ஒரே அடியில அதை முறிக்கும். முறிக்க எவ்வளவு ஆற்றல் செலவாச்சுன்னு பாப்பாங்க. அந்த எந்திரத்துக்கு பிரெஞ்சுல 'மூத்தோன் பாந்துய்ல்'. மூத்தோன்னா செம்மறியாடு! கடா முட்டுதுன்னு நாம சொல்றோமே, அதேதான் :-)

சிக்கல் இனிமேதான். ஆங்கிலப் புத்தகத்துல ரெசிலியன்ஸ்னா, வளைச்சு விட்டா இரும்பு திருப்பித் தர்ற மீட்சி ஆற்றல். பிரெஞ்சுல அது முறியுறதுக்குள்ள இரும்பு விழுங்குற ஆற்றல். எழுத்து ஒண்ணு, பொருள் நேரெதிர்.

எண்ணுலயும் ஒரு பொறி இருக்கு. பழைய பிரெஞ்சுத் தாள்ல ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை ஜூல்னு போடுவாங்க. வெட்டுக்குக் கீழ மிஞ்சுற பரப்பு 0.8 சதுர செ.மீ. அதனால அங்க 34னு இருந்தா, நம்ம தாள்ல அது 27 ஜூல். அலகைப் பார்க்காம 34 ஜூல்னு எழுதினா, சுமாரான இரும்பு நல்ல இரும்பாயிடும்.

அதனால என்னன்னு கேக்கலாம். 1943 ஜனவரி 16ல அமெரிக்காவோட போர்ட்லேண்ட் துறையில, சும்மா நின்னுட்டிருந்த ஸ்கெனெக்டடி எண்ணெய்க் கப்பல் ரெண்டா பிளந்துச்சு. அந்தக் காலக் கப்பல் இரும்பு, இழுத்துப் பார்த்தா தேறும். குளிர்ல, ஒரு சின்னக் கீறல் இருந்தா கண்ணாடி மாதிரி உடையும். இழுவைச் சோதனையில தெரியாத இந்தக் குணம் ஷார்ப்பி சோதனையில தெரியும்.

தமிழ்ல என்ன எழுதலாம்? நம்ம பாடநூல்ல தகைவு, திரிபுன்னு இருக்கிறது இலங்கையில தகைப்பு, விகாரம். இதுக்கு 'மீட்சி'ன்னு எழுதவே கூடாது. நான் 'தாக்குமுறிவு ஆற்றல்'னு எழுதி, பக்கத்துலயே அலகையும் போட்டுடறேன். பட்டறைக்காரர் அதைப் படிச்சுட்டு, "அடி தாங்குற தெம்புன்னு எழுதுங்க சார், எங்களுக்குப் புரியும்"ங்கறார். அவர் சொல்றதும் சரியாத்தான் படுது. உங்ககிட்ட இதைவிட நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.